கொடைக்கானலுக்கும் மலைப்பூண்டுக்கும் நடுவில்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று பட்டறைக்கு என் கணவர் வந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பைபர் வேலையில் கண்ணாடி இழைத் தூள் பறக்கும். மூக்குக்கு முகமூடி, கண்ணுக்கு மூடிக்கண்ணாடி, தலைக்குத் துண்டு, முழங்கை வரை உறை. வெளியே தெரிவது நெற்றி மட்டும்தான். பதினோரு ஆண்டு மணவாழ்வில் என் நெற்றியை அவர் உற்றுப் பார்த்ததாக நினைவில்லை. பார்க்க நேர்ந்தபோதெல்லாம் தொலைக்காட்சிக்குக் குறுக்கே நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சட்டப்படி இன்னும் கணவர்தான். எங்கள் வழக்கு எடுக்கப்படும் போதெல்லாம் நீதிபதி மாற்றலாகிவிடுகிறார். அதனால் இந்தக் குறிப்பேட்டில் அவரை வாடிக்கையாளர் என்றே எழுதப்போகிறேன். மரியாதையாகவும் இருக்கும், உண்மையாகவும் இருக்கும்.

கரூரில் பஸ் கட்டும் பட்டறைகள் அதிகம். எங்களுடையது பஸ்ஸுக்கு முகம் செய்யும் பட்டறை. மூக்கு, கன்னம், புருவம் எல்லாம் பைபரில் வார்த்துக் கொடுப்போம். முதலாளி பொங்கியண்ணன். கொஞ்ச நாளாக வண்டிகளுக்கு ஸ்பீக்கர் பெட்டியும் செய்கிறோம். வாடிக்கையாளர் வந்தது அதற்குத்தான்.

“அண்ணா, வெங்காயக்காரன் ஒருத்தன் குட்டியானை வண்டி மேல பெட்டி வெச்சிருக்கானுங்ணா. கல்யாண வீடாட்டம் சத்தம். எம்பட வண்டியில இன்னும் குழாய் ஸ்பீக்கருங். அவன் பக்கத்துல வண்டிய நிறுத்தவே கூச்சமா இருக்குது.”

“அந்தப் பெட்டி நாமதான் செஞ்சோம்.”

“அப்ப எனக்கு அதவிடப் பெருசா வேணுமுங்.”

நான் அஞ்சல்வழியில் வரலாறு எம்.ஏ. படித்தவள். கோபுரங்களைப் பற்றிய பாடத்தில் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நாற்பது பக்கத்துக்கு விரித்து எழுதியிருந்தார்கள்.

பொங்கியண்ணன் என் பக்கம் திரும்பி, “அம்மிணி, இது உன்னுது” என்றார். தலையாட்டினேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பட்டறையில் நான் பேசுவதில்லை. தொண்டையில் கட்டி என்று எழுதிக் காட்டித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். சொல்ல வேண்டியதை அட்டைத் துண்டில் எழுதிக் காட்டுவேன். கடையில் விரலால் காட்டி வாங்குவேன். பஸ்ஸில் ஊர்ப் பெயர் எழுதிய சீட்டை நீட்டுவேன். கண்டக்டர்கள் பாவம் பார்த்து இடம் பிடித்துக் கொடுக்கிறார்கள்.

தொண்டையில் கட்டி எதுவும் இல்லை. என் தொண்டை வேறொருவர் வண்டியில் வேலை பார்க்கிறது, அவ்வளவுதான்.

காலை ஏழு மணிக்கெல்லாம் ஏதாவதொரு தெருவில் அது ஆரம்பித்துவிடும். “அம்மா வாங்க, அக்கா வாங்க. நம்ம தெருவுக்குப் பூண்டு வண்டி வந்திருக்குது. கொடைக்கானல்… மலைப்பூண்டு. பெரிய பல்லு, நல்ல காரம். பாத்து எடுங்க, பொறுக்கி எடுங்க.” அது என் குரல். வாடிக்கையாளர் தன் கைப்பேசியில் பதிந்தது. வீட்டை விட்டு நான் வந்து இரண்டு ஆண்டாகிறது. குரல் இன்னும் அங்கேயே இருக்கிறது.

வந்த புதிதில் வாயைத் திறந்தால் போதும், “பூண்டக்கா!” என்பார்கள். வங்கியில் குமாஸ்தா எழுந்து நின்று பார்த்தார். ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு வரிசையில் நின்றபோது ஒரு பெண்மணி, “ஒருக்கா சொல்லுங்களேன், அந்தக் கொடைக்கானலை” என்று கேட்டார். அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்தப் பதிவை எடுத்துவிடச் சொல்லி வாடிக்கையாளருக்கு ஒருமுறை போன் செய்தேன். “குரல் உன்னுதா இருக்கலாம். போனு என்னுது” என்றார். வக்கீலிடம் கேட்டேன். நகை, பாத்திரம், கட்டில், பீரோ எல்லாவற்றையும் திரும்பக் கேட்கலாமாம். குரலைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை என்று மேசையைப் பார்த்துச் சொன்னார்.

என்னோடு வேலை செய்பவள் லூர்தக்கா. கண்ணாடி இழை விரிப்பை அளந்து வெட்டுவாள், மற்ற நேரத்தில் பேசுவாள். மதியம் வண்டி பட்டறைப் பக்கம் போனபோது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

“இவ சொல்றதுல எனக்குப் புடிச்சதே அந்த இழுப்புதான் கண்ணு. கொடைக்கானல்னு சொல்லி ஒரு மூச்சு நிறுத்துவா பாரு. அப்புறம் மலைப்பூண்டுங்கையில குரல் லேசா நடுங்கும். கேட்டா பூண்டு தேவையில்லாதவகூட வாங்கிப் போடுவா. தொழில் தெரிஞ்சவ.”

தலையாட்டினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கெட்ட பெட்டி செய்வதென்று முடிவு செய்தேன். அது மிகச் சுலபம். ஸ்பீக்கர் உட்காரும் வளையத்தடியில் ஒரு பொட்டு இடைவெளி விட்டால் காற்று பீறிட்டுச் சீட்டியடிக்கும். சுவரை மெல்லிசாக விட்டால் தகரம்போல் அதிரும். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு ஒயரை மாற்றிக் கொடுத்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். சத்தம் நடுவழியில் செத்துப்போகும். பத்து வண்டிக்குச் செய்தவளுக்கு இருபது வண்டியைக் கெடுக்கத் தெரியும்.

இதை யோசித்துக்கொண்டே ஒரு பஸ்ஸின் கன்னத்தைத் தேய்த்து முடித்தேன். நன்றாகப் பளபளத்தது.

சாயங்காலம் முடிவை மாற்றினேன். பெட்டி கெட்டால் அதில் கெடுவது என் குரல்தான். வாடிக்கையாளர் இறங்கி இரண்டு தட்டுத் தட்டுவார், வேறு பெட்டி வாங்குவார். பழைய மன்னர்கள் பகைவர் ஊரைப் பிடித்தால் கழுதை பூட்டி உழுது வரகு விதைத்தார்களாம். ஊர் நம்முடையதாக இருந்தால் அந்த முறை சரிப்படாது.

பிப்ரவரி 7, வெள்ளி

பைபர் வார்க்கும் ரெசின் வரவில்லை. விடுமுறை. துணி துவைத்தேன். நூலகப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்தேன். வண்டி எங்கள் தெருவில் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. இரண்டு தடவையும் நன்றாகவே விற்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். கரூரிலேயே சிறந்த பெட்டியை வாடிக்கையாளருக்குச் செய்து கொடுக்கப்போகிறேன்.

இன்று வண்டி வந்தது. டிரைவர் அறையின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து, முழுக்கக் காகித டேப் ஒட்டி, அதன்மேல் மெழுகு தடவி, ரெசினில் நனைத்த விரிப்பை மூன்று அடுக்குப் போட்டேன். காய்ந்ததும் பெயர்த்து எடுத்தால் கூரையின் வளைவு அச்சு மாறாமல் வந்துவிடும். அதுதான் பெட்டிக்கு அடிப்பாகம். அந்தக் கூரைக்கு மட்டுமே பொருந்தும், வேறெதற்கும் ஆகாது.

கீழே வாடிக்கையாளரும் பொங்கியண்ணனும் டீ குடித்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் மேலே வந்தது, வாடிக்கையாளர் கையாலேயே. “புடிங்க அக்கா” என்றார். பதினோரு ஆண்டில் அவர் எனக்குக் கொடுத்த முதல் டீ. சர்க்கரை அதிகம்.

பொங்கியண்ணன் கேட்டார், “ஏனுங் நாட்ராயன், அந்தக் குரல் யாருது? எங்க வீட்டுல அது வந்தாத்தான் அடுப்பே பத்த வைக்கறாங்க.”

“அதுங்களா? மெட்ராஸ்ல போய் எடுத்ததுங்ணா. ரேடியோல பேசற பொண்ணு. ரெண்டு நாளாச்சு, சொல்லிக் குடுத்து வாங்கறதுக்குள்ள.”

“ரேடியோக்காரிக்கே சொல்லிக் குடுத்தீங்களா?”

“நாம சொல்லிக் குடுக்காம எவளுக்குங் வருது?”

விரிப்பில் காற்றுக்குமிழ் நின்றால் அந்த இடம் பிறகு உடையும். உருளையால் அழுத்தி அழுத்தி வெளியேற்ற வேண்டும். இன்று ஒரு குமிழ்கூட நிற்கவில்லை. அவ்வளவு அழுத்தியிருக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ரெசின் தானாக இறுகாது. முதலில் கோபால்ட் என்ற ஊதா நிறத் திரவத்தைக் கலக்க வேண்டும். பிறகு தண்ணீர்போல் இருக்கும் ஹார்டனர். இரண்டும் ரெசினுக்குள் சந்தித்தால் கல்லாக இறுகும். ரெசின் இல்லாமல் நேராகச் சந்தித்தால் தீப்பிடிக்கும். அதனால் இரண்டு புட்டியையும் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது என்று பொங்கியண்ணன் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். எங்கள் ஜாதகத்தைப் பார்த்த ஜோசியர் ஒன்பது பொருத்தம் என்றார். அவர் ஒரு மாதம் பைபர் பட்டறையில் இருந்திருக்கலாம்.

பிளைவுட்டில் இரண்டு வளையம் வெட்டி, குச்சி கொடுத்து, அடிப்பாகத்தின்மேல் வேண்டிய கோணத்தில் நிறுத்தினேன். இனி வளையத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே துணியை இழுத்துக் கட்டி, அதற்கு ரெசின் குடிக்கக் கொடுக்க வேண்டும். இழுபடும் துணிதான் நல்லது. என்னிடம் வாடிக்கையாளரின் டி-சர்ட் ஒன்று இருந்தது. வீட்டை விட்டு வந்தபோது புத்தகங்களைச் சுற்றி எடுத்துவந்தது. முதுகில் பூண்டு மண்டி ஆண்டு விழா என்று அச்சடித்திருக்கும். அதைக் கத்தரித்து இழுத்துக் கட்டினேன். அவர் பொருள் அவரிடமே போய்ச் சேரட்டும்.

“நல்ல சட்டையாச்சே கண்ணு” என்றாள் லூர்தக்கா.

‘ஆள்தான் சரியில்லை’ என்று அட்டையில் எழுதிக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு என்னால் ஒருவர் சிரித்தது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 13, வியாழன்

ஹார்டனரை ஒரு மூடிக்குப் பதில் மூன்று மூடி ஊற்றிவிட்டேன். வாளி புகைந்தது. பொங்கியண்ணன் ஓடிவந்து வாளியை மணலில் தள்ளினார்.

“எங்க அம்மிணி நெனப்பு?”

நினைப்பு சமையலறையில் இருந்தது. அந்தப் பதிவு எடுத்தது அங்கேதான், மிக்சிக்குப் பக்கத்தில், கதவைச் சாத்தி. வாடிக்கையாளர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் படித்தேன். அம்மா வாங்க, அக்கா வாங்க எல்லாம் சிக்கல் இல்லாமல் போனது. கொடைக்கானல் என்ற சொல்லுக்கு வந்ததும் தயங்கினேன். காரணம், மூட்டைகளைப் பிரித்து வைத்தது நான். அவற்றின்மேல் வேறு மாநிலத்து மண்டியின் பெயர் தெளிவாக அச்சாகியிருந்தது. பூண்டும் மலையைக் கண்ணால் கண்ட பூண்டு இல்லை. சான்று கையில் இருக்கும்போது மாற்றி எழுதக் கூடாது என்று எம்.ஏ.யில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அஞ்சல்வழி என்றாலும் பாடம் அதேதான்.

அதனால் கொடைக்கானல் என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

பிறகு மலைப்பூண்டு என்றும் சொன்னேன்.

நடுவில் இருப்பது ஒரு மூச்சு நேரம். ஊர் அதை இழுப்பு என்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

பெட்டி இறுகிவிட்டது. உள்பக்கம் நான்கு அடுக்கு விரிப்புக் கொடுத்தேன். கையால் தட்டினால் சுவரைத் தட்டுவதுபோல் இருக்கிறது. மூலைகளுக்கு ரெசின் கூழ் பூசி அடைத்தேன். ஊதுவத்தி கொளுத்தி ஒவ்வொரு இணைப்பாகக் காட்டினேன். புகை எங்கும் ஆடவில்லை.

ஸ்பீக்கர் எது வைப்பது என்று பேச்சு வந்தது. பொங்கியண்ணனுக்குக் குழாயையே பெட்டிக்குள் மறைத்து வைத்துவிடலாம் என்று எண்ணம். நான் பெரிய அட்டையாக எடுத்தேன்.

‘குழாய் ஸ்பீக்கர் மேல் சத்தத்தை மட்டும் துப்பும். கனத்த கீழ் சத்தம் அதில் வராது. எட்டு இஞ்ச் முழு ரேஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு போடலாம். பெட்டி தாங்கும்.’

“பூண்டு விக்கறதுக்கு எதுக்கு அம்மிணி கீழ் சத்தம்?”

‘பதிவில் இருக்கும் எல்லாம் கேட்க வேண்டும் அல்லவா’ என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, ‘வெங்காயத்தைவிடப் பெரிதாகக் கேட்டிருக்கிறார்’ என்று எழுதினேன். இந்தக் காரணம் பொங்கியண்ணனுக்கு உடனே புரிந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

பட்டி பூச்சு, தேய்ப்பு, மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. ஊதா நிறம் அடித்து மேலே மெருகு கொடுத்தோம். கூரைமேல் ஏற்றி நான்கு போல்ட் போட்டதும், வண்டி தலையில் கிரீடம் வைத்துக்கொண்டதுபோல் ஆகிவிட்டது.

வாடிக்கையாளர் பென்டிரைவில் ஒரு குத்துப்பாட்டுப் போட்டுச் சோதித்தார். எதிர்க் கடை ஷட்டர் அதிர்ந்தது. பாட்டுக்காரர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பூண்டுப் பதிவைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. ஆண்டுக்கணக்காகத் தினமும் கேட்டுக் காது மரத்துப்போன பதிவு. அதுவும் டிரைவர் சீட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருகிறவர்.

“யாருங்ணா செஞ்சது, இந்த அக்காவா?” என்று என் பக்கம் கைகூப்பினார். “தங்கமான கைங். எங்க வீட்டுல ஒருத்தி இருந்தா, ஒரு பட்டன் தைக்க வராது. சும்மா புஸ்தகத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பா.”

பொங்கியண்ணன் ஒரு வருட உத்தரவாதம் எழுதிக் கொடுத்தார். நானும் பதிலுக்குக் கைகூப்பினேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

வண்டி எங்கள் தெருவுக்கு வரவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் நின்றதில் பொங்கி வழிந்துவிட்டது.

பிப்ரவரி 22, சனி

வந்தது.

நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு மரகதம் முறத்தோடு வாசலில் நின்றாள். வண்டி முக்குத் திரும்பியது. என் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. தகரம் இல்லை, கீச்சு இல்லை. பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது. அம்மா வாங்க. அக்கா வாங்க. நம்ம தெருவுக்குப் பூண்டு வண்டி வந்திருக்குது. பின்னணியில் எங்கள் சமையலறைக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. அந்தக் குழாயை மாற்றச் சொல்லி ஆறு மாதம் கேட்டேன்.

கொடைக்கானல்.

அப்புறம் அந்த இடம் வந்தது. அடித்தொண்டையில் ஓர் ஆண் குரல், பல்லைக் கடித்துக்கொண்டு: “சொல்லுடி சனியனே.” அதைத் தொடர்ந்து ஒரு சத்தம். மாவு பிசைந்து பலகையில் அறைவதுபோல் இருக்கும். மாவு இல்லை.

மலைப்பூண்டு.

மரகதம் முறத்தைக் கீழே வைத்தாள். பதிவு அடுத்த சுற்று வரும் வரை அசையாமல் நின்றாள். மறுபடியும் அதே இடம். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்த கதவும் திறந்தது. ஐந்தாறு பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். யாரும் வண்டிப் பக்கம் போகவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு வாடிக்கையாளர் உள்ளே கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, இந்தத் தெருவுக்கு என்ன வந்தது என்பதுபோல் எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மரகதம் மேலே என்னைப் பார்த்தாள். “இத்தன நாளா அந்தப் பொண்ணு அடி வாங்கிட்டேவா நம்மளக் கூப்புட்டுச்சு?”

எனக்குத் தொண்டையில் கட்டி. தலையாட்டினேன்.

பிப்ரவரி 26, புதன்

கண்ணாடித் தூள் அரிப்பு. தேங்காய் எண்ணெய் தடவினேன். லூர்தக்கா தன் தெருச் சேதியைக் கொண்டுவந்தாள்.

“வண்டி நின்னுச்சா, தெருப் பொம்பளைங்க நாங்க நாலு பேரு போனோம். ‘எவ்வளவுங் கிலோ?’ன்னேன். வெல சொன்னான். பக்கத்து வீட்டுச் செல்வி உடனே அவனப் பாத்து, ‘கொறச்சுச் சொல்லுடா சனியனே’ன்னா. ஆளு முழிக்கறான். ‘என்னக்கா மரியாதியில்லாமப் பேசறீங்க’ங்கறான். ‘உன்ற வண்டிதான தம்பி சொல்லிக் குடுத்துச்சு’ன்னேன். அவனுக்கு வெளங்கல. எறங்கி வந்து பெட்டிக்கிட்ட நின்னு கேட்டான்.”

‘கேட்டு?’ என்று எழுதினேன்.

“மூஞ்சி சுருங்கிப் போச்சு. ‘எவன்டா இது?’ன்னு பெட்டியத் தட்டறான். அடுத்த தெருவுலயும் இதே கததானாம். எல்லாரும் சனியனேன்னுதான் பேரம் பேசறாங்களாம்.”

மெய்க்கீர்த்தி என்று ஒன்று உண்டு. மன்னன் யாரை வென்றான், எப்படி வென்றான் என்று கல்வெட்டின் தலையில் செதுக்கி வைப்பார்கள். தானம் கொடுத்த நிலத்தின் கணக்கு அதற்குக் கீழேதான் வரும். வாடிக்கையாளரின் வண்டியும் அந்த வகைதான் என்று இப்போது படுகிறது. வீரத்தை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பூண்டு.

இரவு நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 3, திங்கள்

வாடிக்கையாளர் உத்தரவாதச் சீட்டோடு வந்தார். நான் மூலையில் ஒரு பஸ்ஸின் புருவத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணா, பெட்டியில கோளாறுங். நடுவுல எவனோ பேசறான்.”

பொங்கியண்ணன் பதிவைப் போடச் சொன்னார். போட்டார்கள். பட்டறையில் எல்லா மெஷினும் நின்றது. நானும் தேய்ப்பை நிறுத்தினேன். இரண்டு சுற்று ஓடியது.

“பெட்டி பேசலீங் நாட்ராயன். உங்க ரெக்கார்டிங்குதான் பேசுது. குழாய்ல கேக்காம இருந்தது இதுல கேக்குது. யாரு இந்த ஆளு?”

“எனக்கென்னங்ணா தெரியும்? அந்த ரேடியோக்காரி புருசனா இருப்பான். எவனோ காட்டுப்பய. கேக்கையிலேயே தெரியுது பாருங்க, வாயில நல்ல வார்த்தையே வராத பய.”

“அறைஞ்சிருக்கான், நாசமாப் போறவன்” என்றாள் லூர்தக்கா.

“ஆமாக்கா, கையி வெளங்காமப் போறவன்” என்றார் வாடிக்கையாளர், மனதார. அறைந்ததே அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது.

மனிதருக்குத் தம் குரல் வெளியிலிருந்து கேட்டால் அடையாளம் தெரியாது என்று எங்கோ படித்திருக்கிறேன். படித்தபோது நம்பவில்லை. இப்போது முதல்நிலைச் சான்று கண்முன் நின்றது.

கையுறையைக் கழற்றினேன். மூடிக்கண்ணாடியை, துண்டை, கடைசியாக முகமூடியை எடுத்தேன். அவர் அப்போதும் சாதாரணமாகத்தான் பார்த்தார், எங்கோ பார்த்த முகம் என்பதுபோல். வாயைத் திறந்தேன்.

“அம்மா வாங்க, அக்கா வாங்க. நம்ம தெருவுக்குப் பூண்டு வண்டி வந்திருக்குது.”

லூர்தக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். என் தொண்டை இரண்டு ஆண்டாக எண்ணெய் போடாத கதவு. ஆனால் திறந்தது.

“கொடைக்கானல்” என்றேன்.

நிறுத்தினேன். வாடிக்கையாளரைப் பார்த்தேன். கைகள் தொங்கிக்கொண்டிருந்தன, வலது கை கொஞ்சம் பின்னால்.

“சொல்லுங்க” என்றேன். “இந்த எடத்துல நீங்கதான் சொல்லணும்.”

பொங்கியண்ணன் என்னைப் பார்த்தார், வண்டியின் கூரையைப் பார்த்தார், பிறகு வாடிக்கையாளரைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு மூச்சைவிட அதிகம்.

“சரி, நானே முடிக்கறேன். கொடைக்கானல் மலைப்பூண்டு இல்லீங்க. வேற மாநிலத்துப் பூண்டு. மூட்டையில எழுதியிருந்துச்சு.”

“வசந்தாமணி…” என்றார். என் பெயர் அவருக்கு நினைவிருந்தது ஆச்சரியம்தான். “அண்ணனுக்கு முன்னால வெச்சு… வீட்டு விசியத்த வீட்டோட பேசிக்கலாம்.”

“வீட்டுலதான் பேசுனீங்க. ஊரே கேட்டுச்சு.”

அவர் பொங்கியண்ணன் பக்கம் திரும்பினார். “அண்ணா, பெட்டியக் கழட்டிட்டுப் பழைய கொழாயவே மாட்டிக் குடுங்க.”

“கொழாயி காயலான் கடைக்குப் போயிருச்சு” என்றார் பொங்கியண்ணன். உத்தரவாதச் சீட்டை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தார். “பெட்டியில ஒரு கோளாறும் இல்ல. வண்டிய எடுங்க.”

வண்டி போன பிறகு லூர்தக்கா என்னிடம் வந்தாள். ஏமாற்றியதற்குத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கமா கண்ணு?” என்றாள்.

அந்தப் பக்கம்தான்.

பொங்கியண்ணன் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். “தெரிஞ்சேதான் எட்டு இஞ்ச் போட்டியா அம்மிணி?”

“வெங்காயத்தைவிடப் பெருசாக் கேட்டாருங்க” என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

புருவம் முடிந்தது. அடுத்து மூக்கு.

வாடிக்கையாளர் பதிவை மாற்றிவிட்டார். இனி என் குரல் எந்தத் தெருவிலும் இல்லை. வேறு பெண் கிடைக்கவில்லை போலிருக்கிறது, சொந்தக் குரலிலேயே சொல்லிப் பதிந்திருக்கிறார். இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத மனம் வரவில்லை. எதிர்பார்த்தேன். அவருக்கு வேறு வழி என்ன இருந்தது?

காலையில் எங்கள் தெருவுக்கு வந்தது. “வாங்கம்மா வாங்க, பூண்டு, பூண்டேய்.” அந்தப் பெட்டியில் ஆண் குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் கனமாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. பல்லைக் கடிப்பது, அடித்தொண்டையில் இழுப்பது, எல்லாம் அச்சு மாறாமல்.

மரகதம் முறத்தோடு வெளியே வந்தாள். ஒரு வரி கேட்டாள், இரண்டாவது வரி கேட்டாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

“அட! சனியனேன்னது இவனேதானா?”

கதவுகள் சாத்திக்கொண்டன, ஒவ்வொன்றாக, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. வண்டி போய்க்கொண்டே இருந்தது. அது அவ்வளவு நல்ல பெட்டி. மூன்று தெருவுக்கு அப்பாலும் அவர் யார் என்று தெளிவாகக் கேட்டது. இந்தக் கரூரில் இனி வாயைத் திறக்க யோசிக்க வேண்டியவர் அவர்தான். எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். விரலால் காட்டிப் பழகிக்கொள்ளலாம்.

ஒரு வருடத்துக்கு அந்தப் பெட்டி கெடாது. நான் செய்தது.

மார்ச் 9, ஞாயிறு

உழவர் சந்தைக்குப் போனேன். பஸ்ஸில் சீட்டு நீட்டாமல், “சந்தை ஒண்ணு குடுங்க” என்றேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார். இடம் பிடித்துத் தரவில்லை. நின்றுகொண்டே போனேன்.

சந்தையில் ஓர் ஆள் சாக்கை விரித்துப் பூண்டு குவித்திருந்தார்.

“எந்த ஊர்ப் பூண்டுங்க?” என்று கேட்டேன்.

“கொடைக்கானல் மலைப்பூண்டுங்கம்மா.”

“நெசமாவா?”

“அதுல பொய் சொல்லுவாங்களா?”

சாக்கின் மடிப்பில் அச்சு எழுத்து தெரிந்தது. வேறு மாநிலம்தான். அதைச் சொன்னேன். அவர் மறுத்தார். நானும் விடவில்லை. மூட்டையைத் திருப்பச் சொன்னேன், பல்லை உரித்துக் காட்டச் சொன்னேன். விலையில் தொடங்கி அவருடைய தராசு வரை சத்தம் போட்டுப் பேரம் பேசினேன். அரைக் கிலோ நிறுத்துப் போடும் வரை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பக்கத்தில் தக்காளிக்காரர், எதிரில் கீரைக்காரம்மா, பின்னால் வரிசையில் நின்ற நாலைந்து பேர்.

‘பூண்டக்கா’ என்று ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.